கத்தோலிக்கக் கல்லூரியில் தத்துவமும் அறவியலும் நீதியும்: சேரும் முன் தெரிய வேண்டியவை

கேள்வி: என் மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். கத்தோலிக்கக் கல்லூரி ஒன்றில் பி.ஏ. தத்துவம் படிக்க ஆசைப்படுகிறாள். நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. அறவியல், நீதி என்ற பெயரில் மதத்தைத்தான் நடத்துவார்களா? உண்மையில் அங்கே என்ன படிப்பார்கள், எப்படிப் படிக்க வேண்டும், முடித்தபின் எங்கே போகலாம்?

பதில்:

முதலில் மதம் பற்றிய கவலை. அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் எந்தக் கல்வி நிறுவனத்திலும், சம்மதம் தராத ஒருவரைச் சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளச் சொல்ல முடியாது. அரசியல் சட்டத்தின் 28(3) பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. மாணவருக்கு 18 வயது நிரம்பவில்லை என்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும். முதலாண்டில் சேரும் பலருக்கு 17 வயதுதான் என்பதால், சேர்க்கைப் படிவத்தில் எதற்குக் கையெழுத்துப் போடுகிறீர்கள் என்று படித்துப் பாருங்கள். திருச்சபையின் சொந்த விதியும் இதற்கு முரணாக இல்லை. கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களுக்காகத் திருத்தந்தை (போப்) இரண்டாம் ஜான் பால் 1990 ஆகஸ்ட் 15 அன்று வெளியிட்ட ஆவணம், நிறுவனத்தின் கத்தோலிக்கத் தன்மையைப் பேணச் சொல்லும்போதே, ஒவ்வொருவரின் மனச்சான்று உரிமையையும் முழுமையாக மதிக்கச் சொல்கிறது.

நடைமுறையில் குழப்பம் வருவது பெயர்களால். ஒரே வளாகத்தில் மூன்று தனித்தனிப் பாடங்கள் நடக்கும். கத்தோலிக்க மாணவர்களுக்கு மறைக்கல்வி, அதாவது அவர்களுடைய சமயப் பாடம். அதே மணி நேரத்தில் மற்றவர்களுக்கு அறநெறி அல்லது விழுமியக் கல்வி. இது தமிழகப் பட்டப்படிப்பின் பகுதி நான்கில் வரும், பெரும்பாலும் 2 கிரெடிட். மூன்றாவது, பகுதி மூன்றில் வரும், தத்துவத் துறை நடத்தும் முதன்மைப் பாடம். சென்னை லயோலா, திருச்சி புனித வளனார் போன்ற கல்லூரிகளில் வணிகவியலோ வேதியியலோ படிக்கும் பிள்ளைகள் சந்திப்பது இரண்டாவது வகையை. உங்கள் மகள் கேட்பது மூன்றாவது. மதுரையிலிருந்து உசிலம்பட்டி போகும் சாலையில் கருமாத்தூரில் இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையினர் நடத்தும் அருள் ஆனந்தர் கல்லூரியில் இளங்கலைத் தத்துவம் உண்டு. இந்த மூன்றையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு விசாரித்தால் கல்லூரி அலுவலகத்தில் கிடைக்கும் பதிலும் குழப்பமாகத்தான் இருக்கும். "பகுதி மூன்றில் வரும் தாள்களின் பாடத்திட்டத்தைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள்.

கத்தோலிக்க நிறுவனங்கள் தத்துவத்தை ஏன் இவ்வளவு பிடிவாதமாக வைத்திருக்கின்றன என்பதற்குக் காரணம் உண்டு. குருவாக (பாதிரியாராக)ப் போகிறவர் இறையியலோடு இரண்டு முழு ஆண்டுகள் அளவுக்குத் தத்துவமும் படித்தாக வேண்டும் என்பது திருச்சபைச் சட்டத்தின் 250ஆம் விதி. 1879இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ, இடைக்காலக் கத்தோலிக்க அறிஞர் தோமா அக்குவினாவின் தத்துவத்தை மீண்டும் கல்விக்கூடங்களுக்குக் கொண்டுவரச் சொல்லிச் சுற்றுமடல் (திருத்தந்தை திருச்சபைக்கு எழுதும் பொதுக் கடிதம்) எழுதினார். அறிவு தனக்குரிய வழியில், வேத வசனத்தின் உதவி இல்லாமல், கொஞ்ச தூரமாவது உண்மையை நோக்கி நடக்க முடியும் என்ற நம்பிக்கை அதன் அடியில் இருக்கிறது. ஆகவே தத்துவ வகுப்பில் "பைபிள் சொல்கிறது" என்று எழுதும் விடை மதிப்பெண் வாங்காது. கத்தோலிக்க ஆசிரியரே அதை அடித்துவிடுவார்.

பாடங்களில் தருக்கவியல், அறிவுக் கோட்பாடு, மெய்ப்பொருளியல், கிரேக்கம் முதல் இன்றுவரையான மேலைத் தத்துவ வரலாறு, வேதாந்தம், நியாயம், பௌத்தம், சமணம், சைவ சித்தாந்தம் எல்லாம் இருக்கும். அவற்றை எந்தப் பல்கலைக்கழகத்திலும் படிக்கலாம். கத்தோலிக்கக் கல்லூரியில் தனியாகக் கிடைப்பது அறவியலிலும் நீதியிலும்தான், அதனால் அதை விரித்துச் சொல்கிறேன்.

நீதி என்றதும் நம் பிள்ளைகள் பெரும்பாலும் சமூக அவலங்களின் பட்டியலை எதிர்பார்த்து வகுப்புக்குள் வருகிறார்கள். கிடைப்பது வேறு: யார், யாருக்கு, எந்த வகையில், எவ்வளவு கடன்பட்டிருக்கிறார் என்று பிரித்துப் பார்க்கும் பயிற்சி. அரிஸ்டாட்டில் தம் அறவியல் நூலின் ஐந்தாம் பகுதியில் தொடங்கியதை அக்குவினா 13ஆம் நூற்றாண்டில் விரிவாக்கினார். அவரது இறையியல் தொகுப்பில், இரண்டாம் பாகத்தின் இரண்டாம் பகுதியில் 57ஆம் வினா முதல் 122ஆம் வினா வரை நீதிக்கும் அதைச் சார்ந்த நற்பண்புகளுக்கும் ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொருவருக்கும் உரியதை அவரவர்க்குத் தரும் நிலையான மனவுறுதி என்பது அவர் எடுத்துக்கொள்ளும் வரையறை. பிறகு பிரிக்கிறார். ஒருவருக்கும் இன்னொருவருக்கும் இடையே கொடுக்கல் வாங்கலில் வரும் பரிமாற்ற நீதி. சமூகம் தன் நன்மைகளையும் சுமைகளையும் உறுப்பினர்களிடையே பிரித்துத் தருவதில் வரும் பங்கீட்டு நீதி. தனிமனிதர் சமூகத்தின் பொதுநன்மைக்குச் செலுத்த வேண்டியதைச் சொல்லும் சட்ட நீதி. முதலாவதில் சமம் என்பது நேர் எண்: நூறு ரூபாய்ப் பொருளுக்கு நூறு ரூபாய். இரண்டாவதில் விகிதம்: தேவை, தகுதி, பங்களிப்பு இவற்றில் எதை அளவுகோலாக வைப்பது என்பதே அங்கே சண்டை. தேர்வில் மாணவர்கள் சறுக்குவதும் இங்கேதான். பங்கீட்டுக் கேள்விக்குப் பரிமாற்ற விடை எழுதிவிடுவார்கள். "எல்லோருக்கும் சமமாகத் தர வேண்டும்" என்று முடித்துவிட்டால், எதில் சமம் என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

ஒரு பழைய உதாரணத்தில் இந்த முறை எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கலாம். பண்டைய ரோமானிய அறிஞர் சிசெரோ சொல்லும் கதை. ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்சாந்திரியாவிலிருந்து ஒரு வணிகர் கப்பல் நிறையத் தானியத்தோடு வருகிறார். பின்னால் இன்னும் பல கப்பல்கள் வந்துகொண்டிருப்பது அவருக்குத் தெரியும், ஊராருக்குத் தெரியாது. சொல்லிவிட்டு விற்க வேண்டுமா, சொல்லாமல் கிடைக்கும் விலைக்கு விற்கலாமா? சொல்லத்தான் வேண்டும் என்கிறார் சிசெரோ. அக்குவினா இதே நிலைமையை 77ஆம் வினாவில் எடுக்கிறார். விற்கும் பொருளில் மறைந்திருக்கும் குறை வாங்குகிறவருக்கு ஆபத்தையோ இழப்பையோ தரும் என்றால், அதைச் சொல்லாமல் விற்பது அநீதி. ஆனால் நாளைக்கு விலை இறங்கும் என்பது பொருளின் குறை அல்ல. இன்று நிலவும் விலைக்கு விற்றால் அவர் நீதியை மீறவில்லை. சொல்லிவிட்டாலோ விலையைக் குறைத்தாலோ அது இன்னும் உயர்ந்த நற்செயல், ஆனால் நீதியின் கடன் அல்ல என்று முடிக்கிறார்.

இந்த முடிவோடு உங்கள் மகள் ஒத்துப்போக வேண்டியதில்லை. ஒத்துப்போகாதவருக்குத்தான் இங்கே வேலை அதிகம். நடுவு நிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறளை அருகில் வைத்துப் பார்க்கட்டும்: "வாணிகம் செய்வார்க்கு வாணிகம் பேணிப் பிறவும் தமபோல் செயின்." பிறர் பொருளையும் தன் பொருள்போல் பேண வேண்டும் என்றால், வாங்குகிறவரின் பணத்தையும் தன் பணமாக நினைக்க வேண்டாமா? அப்படியானால் பின்னால் வரும் கப்பலைப் பற்றி மௌனமாக இருக்க முடியுமா? இது நல்ல ஆய்வுக் கட்டுரைக்கான கேள்வி. குறளைக் கட்டுரையின் தலையில் பூவாகச் சூடிவிட்டுப் போவதைவிட, இப்படி அக்குவினாவோடு மோதவிடுவது எவ்வளவோ மேல். கடனையும் கருணையையும் பிரித்துப் பார்க்கும் இந்தப் பழக்கம் படிந்துவிட்டால், "ஏழைக்குக் கூலியை உயர்த்தித் தருவது முதலாளியின் பெருந்தன்மையா, கடனா" என்ற கேள்வி தானாக எழும்.

அந்தக் கேள்விக்குத்தான் 1891இல் வெளிவந்த தொழிலாளர் பற்றிய சுற்றுமடல் பதில் தேடியது. தொழிலாளி சம்மதித்துவிட்டார் என்பதால் மட்டும் கூலி நீதியானதாகிவிடாது. இருவரின் உடன்பாட்டுக்கும் மேலாக இயற்கை நீதி ஒன்று இருக்கிறது, சிக்கனமாக வாழும் தொழிலாளி பிழைக்கப் போதாத கூலி அதை மீறுகிறது என்பது அதன் வாதம். திருப்பூர், கோவை வட்டார நூற்பாலைகளில் மூன்று ஆண்டு வேலை முடிந்தபின் மொத்தமாகப் பணம் தருவதாகச் சொல்லி இளம்பெண்களைச் சேர்த்த சுமங்கலித் திட்டத்தை இந்த வாதத்தின் கீழ் வைத்துப் பாருங்கள். பெண்ணும் பெற்றோரும் ஒப்புக்கொண்டார்கள். அதோடு கேள்வி தீர்ந்ததா? இடையில் வேலையைவிட்டு நின்றால் உழைத்த காலத்துப் பணம் யாருடையது? இங்கே பரிமாற்ற நீதி மீறப்பட்டது என்று வெறுமனே சொன்னால் போதாது, எந்தப் புள்ளியில் என்று காட்ட வேண்டும். 1931இல் வந்த அடுத்த பெரிய சுற்றுமடல் துணைநிலைக் கோட்பாட்டைச் சேர்த்தது: சிறிய அமைப்பு தானே செய்யக்கூடியதைப் பெரிய அமைப்பு பிடுங்கிக்கொள்ளக் கூடாது. ஊராட்சிக்கும் மாநில அரசுக்கும், மாநிலத்துக்கும் மத்திய அரசுக்கும் இடையேயான வழக்குகளை அலச இது நல்ல கருவி. 2015இன் சுற்றுச்சூழல் மடலையும் தாண்டி இந்த வரிசை நீள்கிறது. எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய முயல வேண்டாம். 1891, 1931, நாடுகளின் வளர்ச்சி பற்றிய 1967, 2015 ஆகிய நான்கு மடல்களையும் உரையோடு படித்தால் இளங்கலைக்குப் போதும்.

இந்தக் கல்லூரிகளில் நீதி பற்றிய படிப்பு உண்மையானதா என்று சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். தலித் கிறிஸ்தவர்களின் நிலை பாடத்தில் வருகிறதா என்று கேளுங்கள். 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை இந்துக்களை மையமாக வைத்தது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் விரிந்தது. கிறிஸ்தவருக்கும் முஸ்லிம்களுக்கும் விரியவில்லை. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து மதம் மாறிய கிறிஸ்தவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். சென்னைத் தெருவோரம் செருப்புத் தைத்துப் பிழைத்த சூசை, தொழிலாளர்களுக்கு அரசு இலவசமாகத் தந்த பெட்டிக்கடை, கிறிஸ்தவர் என்பதால் தனக்குக் கிடைக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் போனார். 1985இல் அவர் வழக்கு தள்ளுபடியானது. மதம் மாறிய பிறகும் அதே கடுமையோடு சாதி இழிவு தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் முன்வைக்கப்படவில்லை என்றது நீதிமன்றம்.

இதைப் பகுத்துப் பாருங்கள். பெட்டிக்கடை என்பது அரசு பங்கிடும் நன்மை, ஆகவே பங்கீட்டு நீதி. அளவுகோல் என்ன? வறுமை என்றால் சூசைக்கும் பக்கத்தில் உட்கார்ந்து தைப்பவருக்கும் வேறுபாடு இல்லை. சாதி சுமத்திய இழிவு என்றால், அது மதத்தோடு கழன்றுவிடுகிறதா என்பது உண்மை நிலையைப் பற்றிய கேள்வி. தத்துவம் அதற்கு விடை சொல்லாது, கள ஆய்வுதான் சொல்லும். மதமே அளவுகோல் என்றால், அது பங்கிடும் பொருளோடு தொடர்புடைய காரணமா? ஆளைப் பார்த்துப் பங்கிடுவதை அக்குவினா 63ஆம் வினாவில் தனிப் பாவமாகவே வைக்கிறார்: பொருளுக்குத் தொடர்பில்லாத காரணத்தால் ஒருவருக்குத் தருவதும் மறுப்பதும். இதோடு நிறுத்தினால் பாதிதான். அதே கேள்வியைத் திருச்சபையை நோக்கியும் திருப்ப வேண்டும். திருச்சி மேலப்புதூர் கல்லறையில் சாதி பிரித்து நிற்கும் சுவர் ஊரறிந்தது. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016இல் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கையில் திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு இருப்பதை ஒப்புக்கொண்டது. அரசிடம் பங்கீட்டு நீதி கேட்கும் அமைப்பு, தன் கல்லறையிலும் பதவிகளிலும் சேர்க்கையிலும் அதே அளவுகோலை வைக்கிறதா? இதை வகுப்பில் கேட்க இடம் தரும் ஆசிரியர் இருக்கும் துறையில் தயங்காமல் சேர்க்கலாம். இடம் தராத துறையில் மிஞ்சுவது மேற்கோள் மனப்பாடம்தான்.

இனி எப்படிப் படிப்பது என்பது. அக்குவினாவின் ஒவ்வொரு வினாவும் பல கூறுகளாகப் பிரியும், ஒவ்வொரு கூறும் ஒரே அமைப்பில் இருக்கும். முதலில் கேள்வி. அடுத்து, அவர் ஏற்காத பக்கத்தின் வாதங்கள், பெரும்பாலும் மூன்று. பிறகு "இதற்கு மாறாக" என்று ஒரு சான்று. அடுத்து அவருடைய சொந்த விடை. கடைசியில் முதலில் சொன்ன ஒவ்வொரு வாதத்துக்கும் தனித்தனி மறுப்பு. புதிதாகப் படிப்பவர் மேலிருந்து கீழே வாசித்தால் எதிர்ப்பக்க வாதத்தை அவருடைய கருத்து என்று நினைத்துவிடுவார். தேர்வுத் தாள்களில் இந்தத் தவறு சர்வசாதாரணம். கேள்வியைப் படித்ததும் நேராக நடுவிலுள்ள விடைக்குப் போக வேண்டும். அதை இரண்டு வாக்கியத்தில் தமிழில் எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு முதல் எதிர்வாதத்தையும் அதன் மறுப்பையும் சேர்த்து, இரண்டாவதையும் அதன் மறுப்பையும் சேர்த்து என இணை இணையாகப் படிக்க வேண்டும். ஒரு கூறு ஒன்றிரண்டு பக்கம்தான் வரும், ஆனால் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். தொடக்கத்துக்கு ஏற்றது 66ஆம் வினாவின் ஏழாம் கூறு: கடும் தேவையில் இருப்பவர் பிறர் பொருளை எடுப்பது திருட்டா? உயிர் போகும் நெருக்கடியில் பொருள்கள் பொதுவாகிவிடுகின்றன, அது திருட்டாகாது என்பது விடை. சொத்துரிமை பற்றி ஒரு பருவம் முழுக்க விவாதிக்க இது போதும்.

இந்த அமைப்பையே கட்டுரைக்கும் எடுத்துக்கொள்ளலாம். ஆயிரம் சொல் கட்டுரை என்றால், கேள்வியை நூறு சொல்லுக்குள் குறுக்கி, அடுத்த முந்நூறில் எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை அந்தத் தரப்பினரே தலையசைக்கும்படி எழுத வேண்டும். பிறகு நானூறில் தன் நிலையும் அதற்கான வேறுபடுத்தலும், மீதியில் எதிர்வாதத்துக்கு விடையும். எதிர்த்தரப்பை நொண்டியாக்கி வைத்துவிட்டு அடிப்பது மதிப்பெண்ணைக் குறைக்கும் முதல் காரணம். "மனித மாண்பு" என்ற சொல்லை எழுதியதும் வாதம் முடிந்ததாக நினைப்பது இரண்டாவது. மாண்பு எதைக் கோருகிறது, யாரிடம் கோருகிறது என்று சொல்லும்வரை அந்தச் சொல் எதையும் நிறுவுவதில்லை. சட்டம் அனுமதிப்பதால் நீதி, தடுப்பதால் அநீதி என்று எழுதுவதும் உண்டு. திருச்சபை ஆவணத்தை மேற்கோள் காட்டுவதே நிரூபணம் என்ற எண்ணம் கத்தோலிக்க மாணவரிடமும், ஆவணம் என்பதாலேயே ஒதுக்குவது மற்றவரிடமும் வரும். இரண்டிலும் வாதம் படிக்கப்படவில்லை.

மருத்துவ அறவியலில் இரட்டை விளைவுக் கோட்பாடு கட்டாயம் வரும். ஒரு செயலால் நன்மையும் தீமையும் சேர்ந்து விளையும்போது நான்கு நிபந்தனைகள்: செயல் தன்னளவில் தீயதாக இருக்கக் கூடாது, நன்மையே நோக்கமாக இருக்க வேண்டும், தீமை அந்த நன்மைக்கு வழியாகக் கூடாது, தீமையை ஏற்கத் தகுந்த அளவுக்குக் காரணம் பெரிதாக இருக்க வேண்டும். இறுதிக் கட்டப் புற்றுநோயாளிக்கு வலி தீர மார்ஃபின் தருவது, ஆயுள் சற்றுக் குறைந்தாலும் ஏற்கத்தக்கது என்று திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) 1957இலேயே சொன்னார். சாகடித்து வலியைத் தீர்ப்பது மூன்றாம் நிபந்தனையில் விழுந்துவிடும். மாணவர்கள் இரண்டாவதை மட்டும் நினைவில் வைத்து "நல்ல எண்ணம் இருந்தால் சரி" என்று எழுதுகிறார்கள். இதைப் பயன் வாதத்தோடும் (விளைவை வைத்துச் செயலை மதிப்பிடுவது) ஜெர்மன் தத்துவஞானி கான்ட்டின் கடமை அறத்தோடும் ஒப்பிடும் வினா வந்தால், ஒரே நிகழ்வை மூன்றிலும் ஓட்டிக் காட்டுங்கள். உயிர்காப்புக் கருவிகளை விலக்குவது, முன்கூட்டியே எழுதும் மருத்துவ உயில் ஆகியவற்றை ஏற்ற 2018ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அதற்குப் பொருத்தமான நிகழ்வு.

களப்பணியும் உண்டு. திருச்சி வளனார் கல்லூரியின் ஷெப்பர்டு போன்ற விரிவாக்கத் துறைகள் மாணவர்களைக் கிராமங்களுக்கும் குடிசைப் பகுதிகளுக்கும் அனுப்புகின்றன. பிஸ்கட் பொட்டலம் கொடுத்துப் படம் எடுத்துத் திரும்பினால் நீதிப் பாடத்துக்கு அதில் எதுவும் இல்லை. தூய்மைப் பணியாளரைச் சந்தித்தால் நாள் கூலி எவ்வளவு, கைக்கு வருவது எவ்வளவு, ஒப்பந்தக்காரர் யார், வருங்கால வைப்பு நிதி பிடிக்கிறார்களா, கையுறை யார் வாங்கித் தருகிறார்கள் என்று குறித்து வர வேண்டும். கடன் யாருடையது என்பது அந்த எண்களில்தான் தெரியும்.

முடித்தபின் வழிகள். எம்.ஏ. படித்து, கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வான நெட் எழுதலாம். தத்துவம் அதில் தனிப் பாடம். குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் தத்துவம் 500 மதிப்பெண் விருப்பப் பாடம். அதன் முதல் தாளின் மேலைத் தத்துவம் பிளேட்டோ, அரிஸ்டாட்டிலிலிருந்து நேராகத் தேகார்த் காலத்துக்குத் தாவிவிடும், அக்குவினா இல்லை. ஆகவே கல்லூரிக் குறிப்புகளை மட்டும் நம்பிப் போகக் கூடாது. ஆனால் 2013 முதல் இருக்கும் 250 மதிப்பெண் அறவியல் தாளில் ஏறக்குறையப் பாதி, நிகழ்வு ஆய்வு வினாக்கள். கடனைப் பிரித்துப் பார்க்கும் பயிற்சி அங்கே நேரடியாக உதவும். மூன்றாண்டுச் சட்டப் படிப்பு இன்னொரு நல்ல வழி. மனிதவளம், தொண்டு நிறுவனம், இதழியல் என்று போகிறவர்களும் உண்டு. தத்துவப் பட்டத்துக்கு என்றே காத்திருக்கும் வேலைகள் குறைவு என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆங்கிலத்தில் தெளிவாக எழுதும் திறனையும் கூடவே வளர்த்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. குருமடங்களும் (குருக்களை உருவாக்கும் பயிற்சி நிலையங்கள்) திருச்சபைத் தத்துவக் கல்விக்கூடங்களும் திருச்சபையின் பெயரால் வழங்கும் தத்துவ இளநிலைப் பட்டம் ஒன்று உண்டு. 2011ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்துக்குப் பின் அது மூன்றாண்டுப் படிப்பு, தரமும் உயர்ந்தது. ஆனால் அது பல்கலைக்கழகம் தரும் பி.ஏ. பட்டம் அல்ல. அரசுத் தேர்வு, நெட், பிற பல்கலைக்கழகச் சேர்க்கை எதற்கும் அது தானாகச் செல்லும் என்று எண்ணிவிடக் கூடாது. குருமாணவர்கள் பலர் கூடவே ஒரு பல்கலைக்கழகப் பட்டமும் வாங்கிக்கொள்வது இதனால்தான். சேரும் முன், பட்டச் சான்றிதழில் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் அச்சாகும், அந்த ஆண்டு அத்துறையில் எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள், அவர்களில் குருமாணவர் அல்லாதவர் எத்தனை பேர் என்று மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கடைசி எண் மிகக் குறைவாக இருந்தால், வகுப்பு நேரம், விடுதி, விவாதத்தின் போக்கு எல்லாமே குருமடத்து ஒழுங்கை ஒட்டி அமைந்திருக்க வாய்ப்பு உண்டு. உங்கள் மகள் ஒரு நாள் போய் வகுப்பில் உட்கார்ந்து பார்க்கத் துறைத்தலைவரிடம் அனுமதி கேட்கலாம்.